உடைந்த பெஞ்சுகளின் கணக்கு

பள்ளிக்கூடத்தில் எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், மணி அடிப்பது, தபால் வாங்குவது, பீரோச் சாவியைப் பத்திரமாக வைத்திருப்பது என்று சொல்வேன். அது கேட்கிறவர்களுக்காகச் சொல்வது. உண்மையில் நான் பார்த்த வேலை ஓடுவதுதான்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். மாற்றுச் சான்றிதழ் வாங்கப் போன அன்றைக்கு எங்கள் தலைமையாசிரியர் ஏதோ ஒரு பதிவேட்டைக் காணோம் என்று மேசையைக் கவிழ்க்காத குறையாகத் தேடிக்கொண்டிருந்தார். ஏன் போகிறாய் என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்று இரண்டு நாளாகப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்து யாருலே?" என்றார். எனக்கு அடுத்து யாரும் இல்லை. நான் ஒருத்தன்தான் நின்றுகொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் உயர்நிலைப் பள்ளியில் கடைநிலை ஊழியனாகச் சேர்ந்தேன். முதல் சில வருசம் தற்காலிகம். எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம் சோற்றோடு சேர்ந்து உள்ளே போயிற்று. வேலை நிரந்தரமான பிறகும் அது வெளியே வரவில்லை. பூட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பாதி வழி போய்விட்டுத் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுப்பேன். மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு கயிறு அறுந்து ஏதாவது பிள்ளை தலையில் விழுந்துவிட்டதாக வாரத்துக்கு ஒரு தடவையாவது நினைத்து, எழுந்து போய்க் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன்.

நான் சேர்ந்தபோது இருந்த தலைமையாசிரியருக்கு என்னைப் போன்றவன்தான் தேவைப்பட்டான். காலையில் வந்து உட்கார்ந்ததும் எந்தப் பக்கமிருந்து எது வந்து விழும் என்று காத்திருப்பார். தபால் வந்தால் தபால். புகார் சொல்ல அப்பன் வந்தால் அப்பன். "ஏலே, யார்லே அங்க?" என்ற சத்தம் வரும், நான் ஓடுவேன். ஏழாம் வகுப்பு வாத்தியாரைக் கூப்பிடு, ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைக் கொண்டா, பஞ்சாயத்துத் தலைவர் வீட்டில் இருக்கிறாரா பார். பாடம் நடத்திக்கொண்டிருக்கும் வாத்தியாரை ஒரு பீரியடில் மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறேன். பாதிக் கணக்கைப் பலகையில் விட்டுவிட்டு அவர் வருவார். திரும்பிப் போகும்போது மணி அடித்துவிடும். அடித்ததும் நானாகத்தான் இருப்பேன்.

பருத்தி வெடித்த நேரத்தில் பாதி வகுப்பு காட்டில் இருக்கும். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எட்டயபுரம் ரோட்டில் அதிகாரி ஜீப் வருகிறது என்று சேதி வந்தால் மட்டும் துள்ளி எழுவார். "சைக்கிளை எடுலே. காட்டுல நிக்கிற பிள்ளையள அள்ளிட்டு வா." நான் போய் மடியில் பருத்தியோடு நின்ற பிள்ளைகளைக் கூட்டி வருவேன். அன்றைக்கு மட்டும் வகுப்பு நிறைந்து இருக்கும். ஜீப் போனதும் பிள்ளைகள் திரும்பக் காட்டுக்குப் போய்விடும். சில நாள் ஜீப்பே வராது.

அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டு. மேலே இருந்து ஒரு சொல் வந்தால் அதைத் தலைமையாசிரியர் காதில் போடாமல் தண்ணீர்கூடக் குடிக்காதே. பீரோச் சாவி உன் அரைஞாண் கயிற்றை விட்டு இறங்கக் கூடாது, பெண்டாட்டி கேட்டாலும். அவர் ஓய்வு பெற்றுப் போனார். அந்த இரண்டும் போகவில்லை.

அவருக்குப் பின் ஒரு தலைமையாசிரியை வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து ஊர்க்காரர். என்னை முதல் நாளே அண்ணாச்சி என்று கூப்பிட்டார். லே போட்டுக் கூப்பிட்டே பழகிய காதுக்கு அது யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. இரண்டாவது வாரம் ஒரு நோட்டை வாங்கி, அதில் நூல் கட்டிப் பேனாவைத் தொங்கவிட்டு, போன் பக்கத்தில் வைத்தார். அந்த வருசம்தான் பள்ளிக்கு போன் வந்திருந்தது.

"பதினொரு மணி வரைக்கும் எனக்கு வர்ற போன், தபால், ஆளு எல்லாத்தையும் இதுல எழுதி வைங்க அண்ணாச்சி. பதினொண்ணுக்கு ரெண்டு பேரும் உக்காந்து பார்ப்போம். பிள்ளைக்கு அடிகிடி பட்டா மட்டும் ஓடி வாங்க."

"அதிகாரி வந்தா டீச்சர்?"

"உக்காரச் சொல்லுங்க."

"உக்கார மாட்டேன்னு சொல்லிட்டாவன்னா?"

"நிக்கட்டும். நாம நின்னதில்லையா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குப் பூட்டை ஐந்து தடவை இழுத்துப் பார்த்தேன்.

பதினொரு மணி வரை அவர் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பின்பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அறைச் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டியிருந்தார். அரசாங்க நாட்காட்டி இல்லை. எங்கள் ஊர்க் காட்டின் நாட்காட்டி. எந்த மாதம் விதைப்பு, எப்போது களையெடுப்பு, பருத்தி எடுக்க யார் வீட்டுப் பிள்ளை போகும், கொத்தமல்லிச் செடி பிடுங்க யார் வீட்டுப் பிள்ளை நிற்கும், எல்லாம் அதில் இருந்தது. பிள்ளை நின்ற பிறகு தேடிப் போவதில்லை அவர். நிற்கப்போகும் வாரத்துக்கு முந்தின வாரம் அந்த வீட்டுக்குப் போய் மோர் குடித்துவிட்டு வருவார். மற்ற வாத்தியார்கள், "டீச்சர் வாத்தியார் வேலை பாக்குதாவளா, பொண்ணு பாக்குதாவளா?" என்று சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வகுப்பிலும் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தாளில் தை மாதத்துக்கு நேராகப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் அக்கா கல்யாணத்தைக் குறித்திருந்தார்.

அது ஏன் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். கோவில்பட்டியிலிருந்து ஆபீஸ் வேன் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிப்போகும். தூரத்து ஊர்களுக்கு விடியும் முன்னே போய்விடும். எங்கள் ஊர் கிட்டத்து ஊர் என்பதால் எட்டரை மணி கடைசி டிரிப்பு. வேனில் ஒரு வீட்டுக்கு ஒரு சீட்டு கிடைத்தால் அது அந்த வீட்டுக்கே பாத்தியதை மாதிரி. அக்கா கல்யாணமாகி இறங்கினால் தங்கச்சி ஏற வேண்டும். அப்படி ஏற மூன்று நாள்தான் ஏஜெண்ட் பொறுப்பார். நாலாம் நாள் சீட்டு வேறு வீட்டுக்குப் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

அந்தப் பெண் ஒவ்வொரு நாளும் காலையில் பத்தாம் வகுப்புப் பலகையின் மூலையில் பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதுவாள். எண்களை அச்சுப் போட்ட மாதிரி எழுதுவாள். பொதுத் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது.

அவள் அப்பா ஆடு மேய்ப்பவர். கல்யாணத்துக்கு முந்தின வாரம் டீச்சர் அவர் வீட்டுக்குப் போனபோது பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கவிழ்த்த கொடாப்புக் கூடைக்குள் குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன. அவர் துண்டை இறக்கிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, சீட்டு போனா போனதுதான. நீங்க பரிச்சைக்குச் சொல்லுதீங்க. அது முடிஞ்சா அடுத்த பரிச்சைம்பீங்க. எங்க ஆட்டக்கூட இத்தன தடவ எண்ணிப் பாக்க மாட்டேன்."

"ரெண்டு மாசம்தான் கேக்குதேன்."

"ரெண்டு மாசம் வேன் நிக்குமா?"

டீச்சர் கத்துகிற குட்டிகள் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரி. நீங்க ஏத்துங்க. அந்த மூணு நாளும் நான் வேன் நிக்குற இடத்துல வந்து நிப்பேன். என் மூஞ்சிக்கு முன்னால ஏத்திவிட்டுருங்க" என்றார்.

அவர் பதறிவிட்டார். "அதெப்படி? நீங்க நிக்கும்போது நான் எப்படி ஏத்துவேன்? எனக்கு வெக்கமில்லையா?" கொஞ்சம் யோசித்து, "நீங்க நிக்குற வரைக்கும் ஏத்த மாட்டேன், போங்க" என்றார்.

எங்கள் ஊரில் முகத்துக்கு எதிரே மாட்டேன் என்று சொல்வதுதான் பெரிய தப்பு. முதுகுக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் செய்யலாம். அந்த மனுசனின் வெட்கத்தை மூன்று நாள் காவல் காக்க வேண்டும், அவ்வளவுதான். அதை டீச்சர் ஒரு மாதத்துக்கு முன்பே யோசித்து வைத்திருந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை, எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

கல்யாணம் முடிந்து முதல் நாள் வேன் வந்தது. டீச்சர் புளிய மரத்தடியில் குடையை ஊன்றி நின்றார். அப்பா மகளோடு வந்தார், டீச்சரைப் பார்த்தார், வேட்டியைச் சரி செய்தார், "சும்மா இந்தப் பக்கம் வந்தோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்னால் போனாள்.

இரண்டாம் நாளும் அப்படியே. வேன் டிரைவர் தலையை நீட்டி, "டீச்சருக்கும் ஒரு சீட்டுப் போட்டுருவமா?" என்றார்.

"போடுங்க. உங்க சீட்டுதான் வேணும்" என்றார் டீச்சர். வேனுக்குள் இருந்த பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் காலை எட்டேகாலுக்கு நான் பள்ளியில் இருந்தேன். முந்தின நாள் பருவம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது. கரிசல் மண் செருப்போடு ஒட்டி ஒட்டி, சுத்தம் செய்த வராண்டா முழுக்க என் கால்தடமே கிடந்தது. அதைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கல்வி அலுவலகத்து எழுத்தர், ஏதோ கூட்டமென்று அன்றைக்குச் சீக்கிரமே வந்திருந்தாராம். பள்ளியில் எத்தனை பெஞ்சு உடைந்து கிடக்கிறது, எத்தனை நாற்காலி உடைந்து கிடக்கிறது என்ற கணக்கு உடனே வேண்டும், பதினொரு மணிக்குள் அனுப்பச் சொல்லுங்கள் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வாயில் வெற்றிலை போட்டிருந்த மாதிரிகூட இருந்தது.

நூலில் பேனா தொங்கிக்கொண்டிருந்தது. எழுதியிருந்தால் முடிந்தது. எட்டே முக்காலுக்கு டீச்சர் வந்துவிடுவார். உடைந்த பெஞ்சை எண்ண எனக்கே கால் மணி போதும்.

நான் நோட்டைத் திறக்கவில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

புளிய மரத்தடிக்குப் போனபோது மூச்சு வாங்கியது. ஊர்ப் பக்கமிருந்து இன்னும் யாரும் வரவில்லை. டீச்சர் என்னைப் பார்த்ததும், "பிள்ளைக்கு அடிபட்டுட்டா?" என்றார்.

"இல்ல டீச்சர். மேலே இருந்து போன். கணக்கு உடனே வேணுமாம். ரொம்பக் கோவமா பேசுதாவ."

கோபமாகப் பேசினார் என்பது நான் சேர்த்தது. ஏன் சேர்த்தேன் என்று எத்தனையோ வருசம் யோசித்திருக்கிறேன். வெறும் சேதியைச் சொல்ல இவ்வளவு தூரம் ஓடி வந்தால் பைத்தியக்காரன் என்பார்கள். ஓட்டத்துக்குத் தகுந்த சேதி வேண்டும் அல்லவா? அதுதான்.

அவருக்கு ஏற்கெனவே அந்த மாதம் ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருந்தது, ஏதோ ஒரு விவரம் தாமதமாகப் போனதென்று. அது எனக்கும் தெரியும். அவர் ரோட்டைப் பார்த்தார், ஊர்ப் பக்கம் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவர் அப்படி மூன்று பக்கமும் பார்த்து நான் அதுவரை கண்டதில்லை.

"நீங்க இங்கன நில்லுங்க அண்ணாச்சி. நீங்க நின்னாலும் அவரு ஏத்த மாட்டாரு. நான் ஒரு எட்டுப் போய்ப் பேசிட்டு வந்துருதேன்."

"பழைய பட்டியல் பீரோவுல இருக்கு டீச்சர். சாவி என்கிட்டல்லா இருக்கு."

"குடுங்க."

நான் இடுப்பைத் தொட்டேன். அவிழ்க்கவில்லை. "நானே வந்து தொறந்து குடுத்திருதேன் டீச்சர், சடக்குன்னு" என்றேன். ஒரு சாவி. அதைக் கையில் கொடுத்துவிட்டு அங்கே ஒரு மரம் மாதிரி நின்றிருந்தால் போதும். என்னை யாரும் பேசச் சொல்லவில்லை, நிற்கத்தான் சொன்னார்கள்.

இரண்டு பேரும் வேகமாகப் பள்ளிக்கு வந்தோம். நான் பீரோவைத் திறந்தேன். அவர் போன் போட்டார். அந்த எழுத்தர், "அட, என்ன டீச்சர் அவசரம்? மெதுவா அனுப்புங்க" என்று சொன்னது எனக்கே கேட்டது. டீச்சர் போனை வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். அதற்குள் ரோட்டில் வேன் ஹாரன் அடித்தது.

அவர் ஓடினார். ஒரு வருசத்தில் அவர் ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன். செருப்பில் கரிசல் ஒட்டி, ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார். மரத்தடியில் யாரும் இல்லை. வேனின் பின்பக்கம்தான் தெரிந்தது.

அன்று மாலை ஆட்டுக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் தலை குனியவில்லை. "நீங்க நிக்குற வரைக்கும் ஏத்த மாட்டேன்னு சொன்னேன் டீச்சரம்மா, ஏத்தல. நீங்க நிக்கல." ஏஜெண்டிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, இனி இறக்கினால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்றார். மறுநாள் முதல் வேன் புளிய மரத்தடியில் நிற்கவில்லை. கண்மாய்க் கரைக்கு மாறிவிட்டது. டீச்சர் அங்கேயும் போனார். வேன் அவரைக் கண்டதும் நிற்காமல் போய் அடுத்த திருப்பத்தில் நின்றது.

என்னைத் திட்டுவார் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். திட்டவில்லை. கடைசியில் நானே போய், "என்னாலதான் டீச்சர்" என்றேன்.

"நீங்க கூப்பிட்டீங்க. வந்தது என் காலு" என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருசம் தங்கியிருக்காது.

பெஞ்சுக் கணக்கை நான்தான் எண்ணினேன். பதினொரு பெஞ்சு, நாலு நாற்காலி. அதை வாங்க மூன்று வாரம் யாரும் வரவில்லை. பிறகு தபாலில் அனுப்பினோம். புதுப் பெஞ்சு வரவே இல்லை.

பலகை மூலையில் எண் எழுதும் வேலை என்னிடம் வந்தது. அவள் பெயரை அடிக்க டீச்சர் விடவில்லை. பதிவு முப்பத்தொன்று, வருகை முப்பது என்று என் கோணல் எழுத்தில் தேர்வு வரைக்கும் எழுதினேன். அவளுடைய நுழைவுச் சீட்டு வந்தபோது புகைப்படத்தில் இரண்டு சடையும் முன்னால் போட்டுச் சிரித்திருந்தாள். அதை வாங்க ஆள் வரவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வருசம் முடிந்ததும் டீச்சரைப் புதூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள். சுவரில் இருந்த தாளைப் புதிதாக வந்தவர் கிழித்துவிட்டு மின்விசிறி சுவிட்சு வைத்தார். போன் நோட்டில் பால் கணக்கு எழுதினார்கள். "யார்லே அங்க?" திரும்ப வந்தது. நான் ஓடினேன். என் காலுக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு தடவை கோவில்பட்டியில் தலைமையாசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தது. டீ கொடுக்க என்னை அனுப்பியிருந்தார்கள். சொல்லிக்கொடுக்க வந்தவர் வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி விளக்கினார். முக்கியமானதை முன்கூட்டித் தீர்மானியுங்கள், வருவதற்கெல்லாம் துள்ளாதீர்கள், காலை முதல் மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நடுவில் ஒருவர் செல்போன் அடித்து வெளியே ஓடினார். அவரைப் பார்த்து இன்னொருவர். கடைசியில் சொல்லிக்கொடுத்தவரே போனைக் காதில் வைத்துக்கொண்டு போனார். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே நினைத்தேன், இவர்கள் ஒவ்வொருவர் பள்ளியிலும் சாவியை இடுப்பில் கட்டிய ஒருவன் இருப்பானே, அவனுக்கு யார் பயிற்சி கொடுப்பார்கள்?

அந்தப் பெண்ணைப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். கடம்பூர் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தேன். கையில் குழந்தையோடு வந்து, "மாமா, நீங்க இன்னும் மணி அடிக்கியளா?" என்றாள். விரல் நுனியெல்லாம் தீக்குச்சி மருந்துக் கறை. குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாகச் செருகிக் கட்டை அடுக்குவதில் அவள்தான் வேகம் என்று பெருமையாகச் சொன்னாள். வீட்டுக்காரர், மாமியார், குழந்தையின் சளி எல்லாம் பேசினாள். அப்புறம் அவளாகவே அந்த நாளுக்கு வந்தாள்.

"அன்னைக்கு மழத்தண்ணி மாமா. செருப்புல ஒரு கிலோ மண்ணு. நான் குச்சிய எடுத்துச் சொரண்டுதேன், சொரண்டுதேன். எங்கப்பா, ஏட்டி, ஆபீசுக்குப் போறியா, அம்பாளுக்குத் தேரு வெளக்கப் போறியான்னு ஏசுதாவ. இந்தச் செருப்பு முடிஞ்சி அந்தச் செருப்பு. டிரைவரு ஹாரன் அடிக்காரு. டீச்சர் வந்துருவாவன்னுதான் அத்தன நேரம் சொரண்டுனேன்." சிரித்தாள். "அவியளுக்கு அன்னைக்கு என்ன அவசரமோ. அப்படி வராம இருக்கிற ஆளு இல்ல."

என் இடுப்பில் சாவி குத்தியது.

"ஆமா தாயி" என்றேன். "பெரிய அவசரம்."

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, குழந்தையின் மூக்கைத் துடைத்தாள்.